அறுபது சதவீதம்

செவ்வாய்ப்பேட்டை ஸ்டுடியோவில்
மேசைமேல் கையை வைத்தாள் பூங்கோதை.
"ஊசின்னா பயம்ணா.
ஆனா குத்திட்டேன்னு சொல்லிட்டேன்."

போர்வெல் லாரியோடு ராய்ப்பூர் போனவன் பெயர்
ஐந்தெழுத்து.
தோலுக்கடியில் மை கறுப்பில்லை, கொஞ்சம் பச்சை.
லேயரை மல்டிப்ளையில் போட்டேன்.
அறுபது சதவீதம் போதும்,
முழுதாய் வைத்தால் பொய் தெரிந்துவிடும்.
மணிக்கட்டு வளைவுக்கு எழுத்தை வளைத்தேன்;
'ல்' மட்டும் எலும்பேறி இறங்க மறுத்தது.
பூனைமுடி ஒவ்வொன்றையும்
மைக்கு மேலே திரும்ப முளைக்கவைத்தேன்.
குக்கர் சுட்ட தழும்பில் மை ஏறாது,
அங்கே அழித்தேன்.
சுற்றிலும் லேசாய்ச் சிவப்பு,
நேற்றுக் குத்தியதல்லவா.

"வலிச்சுதான்னு கேட்டா என்ன சொல்ல?"
அதற்கு என்னிடம் டூல் இல்லை.

எட்டு மாதம் கழித்து வந்தாள்.
வேறு வளையல்,
தழும்புக்குப் பக்கத்தில் இன்னொரு தழும்பு.
"இந்தப் படத்துலயும் போடுங்க.
கொஞ்சம் மங்கலா.
தினம் பாத்திரம் தேய்க்கிற கை."

நாற்பத்தைந்துக்கு இறக்கினேன்.
தணிகைவேல் நன்றாகவே பழசாகியிருந்தான்.

பணத்தை எண்ணி வைத்துவிட்டு
"பொங்கலுக்கு வர்றாராம்" என்றாள்,
வெறும் மணிக்கட்டைத்
துப்பட்டாவில் சுற்றியபடி.