இருபத்தெட்டாம் நாள்

ஏழாம் இலக்கக் கபானாவில் நான் விருந்தாளி.
பதினொரு வருசமாக.

இருபத்தெட்டு நாளுக்கு மேல் எவரும் தங்கலாகாது என்று
சபை கொடுத்த அனுமதிப்பத்திரம் சொல்கிறது.
ஆகவே இருபத்தெட்டாம் நாள் இரவு
நாங்கள் புறப்படுவோம்.
நௌபீக் தடித்த கொப்பியைத் திறந்து
பெயர், இலக்கம், போன நேரம் எழுதுவார்.
பேச்சுக்கு ஒரு பை:
சீப்பு, துவாய், ஒரு மாற்றுச் சட்டை.
கேற்றைத் தாண்டி
சாம்பல்தீவுப் பாலத்துக் கட்டில் குந்தி
பிளேன்ரீ குடிப்போம்,
இறால்காரரின் லாம்புகளை எண்ணுவோம்.
பிறகு திரும்பி
வந்த நேரம் எழுதுவோம்.

மூன்றில் சுமணாவதி, துறைமுகக் கன்ரீனில் அவித்துக் களைத்தவள்.
ஐந்தில் அந்தோனிமுத்துவும் பேசாத மகனும்.
பத்தில் ஒரு ஜேர்மன்காரர், சுறா பார்க்க வந்து
போக மறந்தவர்.
நான் கணக்கு ரியூசன். கரும்பலகைக்குப் பின்னால் கட்டில்.

மார்கழியில் களப்பு எழும்பிப் படிக்கட்டு ஏறும்.
முகத்துவாரம் வெட்டும்வரை
தண்ணி எங்களோடுதான் சாப்பாடு.
பிரிட்ஜுக்குக் கீழே எத்தனை கல்
என்பதுதான் இங்கே வருசத்தின் பெயர்.
இரண்டு கல் வருசம் நான் வந்தேன்.
ஐந்து கல் வருசம் அந்தோனிமுத்துவின் மனுசி போனாள்,
கட்டிலோடு அவளை றோட்டுக்குத் தூக்கினோம்.

போன மாதம் கொழும்புக் கொம்பனி வந்தது.
சாப்பாட்டு மண்டபத்தில் வெள்ளைச் சீலை கட்டி
நிரோமி என்ற பிள்ளை பிளான் காட்டினாள்.
நாலரை அடி மண் போட்டு உயர்த்திய வில்லாக்கள்.
இப்போதே காய்த்துவிட்ட தென்னைகள்.
நிழல் இல்லாத ஆட்கள் நடந்தார்கள்.
மூன்றும் ஐந்தும் ஏழும் இருந்த இடத்தில்
நல்ல நீலம்.
"மழைநீர் தேங்கும் குளம்" என்றாள்.
"பிள்ளை, அது இப்பவே குளந்தானே," என்றாள் சுமணாவதி.
மண்டபம் சிரித்தது. நிரோமியும் சிரித்துவிட்டாள்.

நாலரை அடி உயர்த்தினால் அந்தத் தண்ணி ஆரின் வீட்டுக்குப் போகும்
என்று நான் கேட்டேன்.
குறித்துக்கொண்டாள். அழகான கையெழுத்து.

நிரந்தரமாய் வசிப்பவருக்கு நட்டஈடு உண்டாம்.
ஆதாரம் வேண்டுமாம்.
கொப்பியை அவளே புரட்டினாள், ஒற்றை விரலால்,
ஈரத்தில் ஒட்டிய தாள்களைக் கிழிக்காமல்.
நூற்று நாற்பத்து மூன்று தரம்
நான் இங்கிருந்து போயிருக்கிறேன்.
ஒவ்வொன்றுக்கும் என் கையெழுத்து.
"இதன்படி, டீச்சர், இங்கே ஒருவரும் இருக்கவில்லை" என்றாள்,
மிக மரியாதையாக.

இன்று இருபத்தெட்டு.
திங்கட்கிழமை பிடித்த மழை விடவில்லை.
குடையோடு வருகிறார் நௌபீக்,
கொப்பி சொப்பிங் பைக்குள்.
"போற நேரம்?"
சுமணாவதி அரிசி களைந்துகொண்டே
"நான் எங்கேயும் போகல்ல" என்கிறாள்.
அந்தோனிமுத்து கதவைத் திறக்கவேயில்லை.
ஜேர்மன்காரர் கட்டிலில் ஏறி நின்று
நாளைக்கு வரச் சொல்கிறார், தமிழில்.

நௌபீக் என் வாசலில் நிற்கிறார்.
ஒரு செருப்பு கழன்று மிதந்து
பத்தாம் இலக்கப் பக்கம் போகிறது.
அதைப் பார்த்துக்கொண்டே
அலுவலகத்துப் பின்னறையில் பதினாலு வருசம் படுத்த மனுசன்
முதல் தடவையாய்
தன் பெயரை எழுதுகிறார்.
"டீச்சர், வந்த தேதி ஞாபகமில்லை.
என்ன போடுறது?"

முதலில் இந்தப் பக்கத்தைத் தூக்குங்கோ என்றேன்.
ஆறாவது கல் என் கையில் இருந்தது.