தேதி தெரியாத இரண்டு பெட்டிகள்

வீட்டு இணையத்தைக் கொன்றுவிட்டு
அதைப் பாண் பையில் சுற்றி எடுத்துவந்தேன்.
நோண்டிப் பார்க்கவென்று தெருவோரம் பொறுக்கிய ரூட்டர் ஒன்று,
ஒழுங்காய் ஓடிக்கொண்டிருந்த ரூட்டர் ஒன்று.
இரண்டும் வெள்ளை. இரண்டுக்கும் ஒரே காது.
இரவு ஒன்றரைக்கு எதற்குள் எதை ஏற்றினேன் என்று
விளக்குகள் அணைந்த பிறகுதான் தெரிந்தது.

தேவசகாயம் ஒன்றும் சொல்லவில்லை.
தொலைக்காட்சியில் வட்டம் சுற்றுவதைப்
பூசை காண்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வூப்பர்டாலின் ஃபோவிங்கெல் பகுதியில்
மூடிப்போன சைக்கிள் கடை ஒன்றின் பின்னறை.
மாதத்தின் மூன்றாம் வியாழன்.
தெருவுக்கு மேலே தொங்கும் ரயில் போகும்போதெல்லாம்
திருகாணி போட்ட சாசர் தானாகப் பேசும்.
ஹார்ட்முட், ஸில்க்கே, ஒனூர், நான்.
நால்வருக்கும் ஒரே பற்றவைப்புக் கோல்.

"எங்கே காட்டு" என்றாள் ஸில்க்கே,
பல் வைத்தியரின் குரலில்.
மூடியைக் கழற்றினால் உள்ளே இவ்வளவுதான்:
ஒரு பச்சைத் தகடு, ஓரத்தில் நான்கு துளை.
யாரும் தொடக்கூடாதென்று பூட்டியவர்களே
தொடுவதற்கு விட்டுவைத்த வழி.

ஈயம் உருகும் வாசனை.
என் கை நடுங்கவில்லை.
மருத்துவமனைச் சலவைத் துணியில்
பதினொரு வருடம் ஊசி தேடிய கை.

ஒனூரின் மடிக்கணினிக்கு இந்தப் பாஷை புரியவில்லை.
அது மெல்லியது; வாசல்களே இல்லாதது.
ஹார்ட்முட் மேசைக்கடியில் குனிந்து
பழுப்பேறிய அந்தப் பெட்டியை இழுத்தார்.
முகப்பில் 'டர்போ' என்றொரு பொத்தான்.
ஏனென்று கேட்டால் ஒரு மணிநேரம் விளக்குவார்,
அதனால் கேட்பதில்லை.

விசையைத் தட்டினார்.
விசிறி இருமிற்று. தட்டு சுழலும் ஓசை
மேலே போன ரயிலோடு சேர்ந்து ஏறிற்று.
உள்ளிருக்கும் மின்கலம் எப்போதோ செத்துவிட்டது.
ஆகவே அது நம்பும் நாள்
1980 ஜனவரி 1.

கம்பி பூட்டி ரூட்டருக்கு மின்சாரம் கொடுத்தோம்.
எழும்பி, பாதியில் விழுந்து, மறுபடி எழும்பி
அது தன் பங்குக்குச் சொன்ன நாள்
1970 ஜனவரி 1.

இரண்டுக்கும் இன்று தெரியாது.
ஆனாலும் ஒன்று கேட்க மற்றது சொல்ல
எழுத்துக்கு எழுத்து பிசகவில்லை.

நாலு மெகாபைட். நாற்பது நிமிடம்.

ஹார்ட்முட் தன் பதினான்காம் வயதைச் சொன்னார்:
சஞ்சிகையில் ஐந்து பக்கம் எண்கள்.
ஈஸ்டர் விடுமுறை முழுக்கத் தட்டி
ஓட்டினால் திரையில் ஒரு பலூன் வரவேண்டும்.
வந்தது, பாதி பலூன்.
"பிழையை இன்னும் தேடுகிறேன்."
பகிடி இல்லை; பையில் அந்தச் சஞ்சிகை இருந்தது.

ஒனூருக்குப் பத்தொன்பது.
பிறக்குமுன்பே போன ஒன்றுக்கு
எப்படியடா ஏங்குகிறாய் என்றேன்.
"சத்தம் பிடிக்கும்" என்றான்.
கொஞ்சம் கழித்து:
"வேலை செய்கிறபோது
வேலை செய்கிறேன் என்று சொல்கிறதே."

என் முறை.
ஹாகனில், உதவி நிலையத்தின் மூலையில்,
படிவம் நிரப்பப் பழகச்சொல்லித் தந்த கணினி.
யாரும் பார்க்காதபோது என் பெயரைத் தமிழில் ஒட்டினேன்.
வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தன.
அப்போது அதுவும் சரியென்றே பட்டது.

அறுபத்தொரு வீதத்தில் ஒரு ரயில்.
சாசர் பேசியது. நாங்கள் பேசவில்லை.

பிறகு செம்மஞ்சள், பிறகு பச்சை.
ஸில்க்கே சுவர்க் கம்பியைச் செருகியதும்
எங்கோ யாரிடமோ மணி கேட்டு
அரை நூற்றாண்டையும் சில்லறையையும்
ஒரே தாவாகத் தாவி இன்றைக்கு வந்தது ரூட்டர்.

"இதற்கும் தேதியைச் சரிபண்ணவா?"
ஒனூர் பழுப்புப் பெட்டியைக் காட்டினான்.
"விடு" என்று விசையை அணைத்தார் ஹார்ட்முட்.
"அடுத்த வியாழனும் அதற்கு முதல் நாள்தான்."

வீட்டில் வட்டம் நின்றது.
"வந்திட்டுதா?" என்றார் தேவசகாயம், திரும்பாமலே.
குப்பையில் பொறுக்கிய மற்ற ரூட்டர்
சமையல் மேசையில் இருந்தது.
தூசு துடைத்து,
காதை நிமிர்த்தி வைத்திருந்தார்.