முந்நூறு மீட்டர்

விடுமுறை முடிய ஒன்பது நாள்.
குருசுக்குப்பத்து மொட்டை மாடியில்
கொசுவர்த்தி புகையப் பட்டியலை விரிக்கிறேன்.
ஓர்லியான் பக்கத்துக் கிடங்கில்
இரவு ஷிப்டுகளில் பிடித்துப் பிடித்து வைத்த
ஆயிரத்து நூறு யூரோ.
அதற்குள் துப்பாக்கி, தொலைநோக்கி,
அதைப் பூட்டும் வளையம், தோள்வார், தோட்டா.
உரிமம் மட்டும் கையில் இருக்கிறது.
காட்டுப்பன்றிக்கு வயதுக்கு வயது
பிரெஞ்சில் வேறு வேறு பெயர் என்று தெரியாமல்
இரண்டு முறை தோற்று வாங்கியது.

வால்நட் கட்டை போட்டது ஒன்று.
கண்ணாடி அலமாரியில் அது நிற்கிற நிற்பு
மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த குதிரை.
விலைச்சீட்டைத் திருப்பினேன்,
குதிரை என்னைப் பார்த்துக் கனைத்தது.

இன்னொன்று கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு.
ஆலையிலிருந்து ஆயிரம் ஆயிரமாய் இறங்குவது.
தட்டினால் காலி டிரம் சத்தம்.
ஆனால் நூறு மீட்டரில் மூன்று குண்டும்
ஓர் ஐந்து ரூபாய்க் காசுக்குள் விழுமாம்.
மழைக்கு ஊதாது,
கீறினாலும் மனசு கீறாது.
விசைதான் முரடு என்கிறான்
கூட வேட்டைக்கு வரும் ழெரார்.

"பெரிய மீனுக்குப் பெரிய முள்,
பெரிய குண்டாப் பாரு" என்கிறான் அருளப்பன்,
விசைப்படகில் பாதி பங்கு உள்ளவன்.
உதை வாங்கப்போகும் தோள் அவனுடையது இல்லை.
ஒரு தோட்டா இரண்டு யூரோ;
இங்கே அதற்கு ஒரு கூறு சங்கரா வரும்.

பிலோமின் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்:
"எவ்வளவு தூரம் போகும்?"
"முந்நூறு மீட்டர். தாராளமா."
"முந்நூறுன்னா?"

சாயங்காலம் கடற்கரைச் சாலை.
வண்டிகளை மறித்துவிட்ட நேரம்.
கடலுக்குள் நிற்கும் பழைய பாலத்துக் கட்டைகளைக் காட்டி
"அந்த மாதிரி" என்றேன்.
"தண்ணியில எப்படி நடக்கிறது" என்று
என்னைக் கலங்கரை விளக்கத்தருகே நிறுத்திவிட்டு
தெற்கே நடந்தாள்.
பஞ்சுமிட்டாய்க்காரனைத் தாண்டினாள்,
செல்ஃபி எடுக்கிற கூட்டத்தைத் தாண்டினாள்.
அவள் அடி சின்னது. நானூறு எண்ணச் சொல்லியிருந்தேன்.

நின்றாள்.
மாம்பழ மஞ்சள் புடவை
அங்கே வெறும் ஒரு வெளிச்சம்.
கை தூக்கினாள். எந்தக் கை?
செல்போன் அடித்தது.
"இப்ப நான் சிரிக்கிறேனா, அழுறேனா, சொல்லு."

பதில் சொல்லவில்லை.
அலை பாறையில் மோதி
உப்புத் தண்ணீர் கண்ணாடியில் பட்டது, துடைத்தேன்,
அப்போதும் தெரியவில்லை.
அவளுடைய விசா காகிதம்
பதினான்கு மாதமாகத் தூதரகத்தில் கிடக்கிறது.
வீடியோவில் தினம் பார்க்கிற முகம்தான்.

"வச்சிராதே. அப்படியே நடந்து வா" என்றேன்.
வந்தாள். இடையில் ஒரு நாய், ஒரு பலூன்.
ஒரு இடத்தில் எனக்கு அவள் வாய் தெரிந்தது.
"நில்லு."
அங்கிருந்து என்னிடம் நூற்றுப்பத்து அடி,
என் அடியில் எண்ணினேன்.
சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.
முதலிலிருந்தே சிரித்தாளா என்று கேட்கவில்லை.

இரவு பட்டியலைத் திருத்தினேன்.
பிளாஸ்டிக் உடம்பே போதும்.
பெரிய தொலைநோக்கியை அடித்துவிட்டு
நாலு மடங்கு மட்டும் காட்டும் சின்னது.
மிச்சத்தில் எண்பது தோட்டா,
எல்லாம் காகிதத்தைச் சுட.
பன்றி இன்னும் தூரத்தில் இருந்தால்
மக்காச்சோளத்துக்குள் குனிந்து நடக்க வேண்டியதுதான்,
அது ஓடினால் ஓடட்டும்.
அடிபட்டு எங்கேயோ போய்ச் சாவது வேண்டாம்.

மேலே ஓரத்தில் 110 என்று எழுதி
வட்டம் போட்டேன்.
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவள்
"இது எதோட விலை?" என்றாள்.
"விலை இல்ல" என்றேன்.
நம்பாமல் கூட்டிப் பார்க்க உட்கார்ந்தாள்.