பெயர் என்ற கட்டம்

மக்குசானிக்கு மேலே, பேருந்து திரும்பிப் போகும் இடத்திலிருந்து
இரண்டு மணி நேர நடை.
முதுகில் கருவி. மூச்சு பாதிதான் வருகிறது.
வாலெரியானா வார்க்காவின் கற்பட்டியில்
நூற்றுப் பதினோரு அல்பாக்காக்கள்.
படல் கிரீச்சிட்டதும்
நூற்றுப்பத்து என்னைத் திரும்பிப் பார்த்தன.

ஏழு மாதக் குட்டி அது. உப்புப்பாளம் போல வெள்ளை.
கண் இரண்டும் நீலம்.
செவியில் சிவப்புக் கம்பளிக் குஞ்சம்,
பிப்ரவரித் திருவிழாவில் கட்டியது.

தோலுக்கடியில் மூன்று ஊசி.
காதுக்குள் டிக் டிக் டிக், ஆயிரம் தரம்.
கேட்கிற காதென்றால் திரையில் குன்றுகள் எழும்.
கறுங்கண் தாய்க்கு எழுந்தன,
அவளும் வெள்ளைதான்.
குட்டிக்கு வலது காது சமவெளி.
இடதும்.

கருவில், முதுகுத்தண்டின் ஓரத்தில் கிளம்பும்
நிறச்செல்களைப் பற்றிச் சொன்னேன்.
விலா இறங்கி வயிற்றுக்கு, கழுத்தேறிக் கண்ணுக்கு,
சில மட்டும் உட்காதின் நத்தைச்சுருளுக்கு.
அங்கே அவை எதற்கும் சாயமிடுவதில்லை.
ஒரு துளி உப்புநீரைக் கெடாமல் காக்கின்றன.
அவை போய்ச் சேராவிட்டால்
கேட்கும் மயிர்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிடும்.

"யாரும் பார்க்காத இடத்தில் நிறமா?"
வாலெரியானா கோக்கா இலையை மறு கன்னத்துக்கு ஒதுக்கினாள்.

சாம்பல் கிடாயை வெள்ளைப் பெட்டைகளோடு விடாதீர்கள் என்றேன்.
சாம்பல் கிடா மாமியார் கொடுத்தது.
அதனிடம் போய் நீங்களே சொல்லுங்கள் என்றாள்.
நவம்பரில் தராசோடு வருகிற வியாபாரி
வெள்ளைக்கு இரண்டு சோல் கூடத் தருவான்,
எந்தச் சாயமும் அதில் ஏறுமாம்.
ரோமத்தை விரித்து விரித்துப் பார்ப்பான்.
கண்ணை அவன் பார்த்ததே இல்லை.

மூன்று மணிக்கு ஆலங்கட்டி.
இடி மலையில் மோதி இரண்டாகத் திரும்பியது.
மந்தை மொத்தமும் சிதறிப் பட்டிச் சுவரில் அப்பியது.
வெட்டவெளியில் அது மட்டும்
குட்டைப் புல்லைக் கறித்துக்கொண்டு நின்றது,
முதுகில் ஐஸ் விழுந்து தெறிக்க.

படிவத்தில் ஊர், வயது, பால் எழுதியாயிற்று.
இரு செவியும் கேளாது.
"பெயர்?"

"கூப்பிட்டு வராததற்குப் பெயரா?" என்றவள்
போர்வையைத் தலையில் இழுத்துக்கொண்டு வெளியே போனாள்.
கத்தவில்லை.
உறைந்த தரையை இரண்டு முறை ஓங்கி மிதித்தாள்.

நாற்பதடிக்கு அப்பால் அது தலையைத் தூக்கியது.
வந்தது.

பேனா மைகூட உறைந்திருந்தது.
இரண்டு மிதியை
எந்த எழுத்தில் எழுதுவது?