அரை மாத்திரை

டண்டீயில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டி,
டே ஆற்றுப் பாலத்தின் மேல் ரயிலைக் காணோம்,
ஜன்னல்கள் மட்டும் போகின்றன.

ஆறாம் மாடியில் பேசாமல் வேலை செய்கிறேன்.
எச்சிலில் இருக்கிறது ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதி,
விரல் நுனியில், விழுந்த ஒற்றை முடியில்.
கையுறையைக் கழற்றி வேறு மாட்டுகிறேன்,
மூக்கைச் சொறிந்ததால் இன்னொன்று.

நான் தேடுவது இருபத்திரண்டு எழுத்து.
நாலே எழுத்துள்ள மொழியில் ஒரு சிறு சொல்.
அது தானாக எதையும் கட்டுவதில்லை;
கட்டச் சொல்லும் ஆணையின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும்.
உன் மொழியில் இப்படி ஏதாவது உண்டா, என்றாள் எய்லி.
துடைக்கிற தாளில் க எழுதினேன்.
தலையில் புள்ளி வைத்தேன்: க்.
உயிர் போயிற்று பார்.
அவள் அதை உறைபெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள்.

சோதனை எளிதுதான். மின்மினியின் ஒளிநொதியைக் கட்டும் மரபணு,
அதன் வாலில் நம் சொல் ஒட்டும் இடம்.
செல்லுக்குள் அனுப்பி, இரண்டு நாள் கழித்து உடைத்து,
தீனி ஊற்றினால் எரியும்.
சொல் ஒட்டியிருந்தால் மங்கும்.
மூன்று எழுத்தைக் கெடுத்துவைத்த இன்னொரு வால்
மங்கக் கூடாது.

மூன்று முறையும் ஊதி அணைத்தாற்போல்.
நூற்றுக்கு எண்பத்தாறு குறைவு.
கெடுத்த வாலும் கொஞ்சம் மங்கியது;
கேக் வெட்டும் அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை,
நானும்தான்.

நாலாவது முறை முப்பதே குறைந்தது.
அதை விட்டுவிடு, என்றார் அபர்னெத்தி,
கெட்ட எண்ணத்தில் இல்லை,
மழைக்கோட்டின் கை எங்கே என்று தேடிக்கொண்டே.

நோட்டைப் புரட்டினேன்.
நூறு நானோமோலார் என்று இருக்க வேண்டிய இடத்தில் பத்து.
ஒரு சுழியை விட்டிருக்கிறேன்,
என் கையெழுத்து, என் பச்சை மை.

செல்லில் இயல்பாகவே எவ்வளவு இருக்கிறது?
முன்பே கேட்டிருக்க வேண்டும்.
பிடி கொடுக்காத குட்டை இழை;
கொண்டை ஊசியாய் வளைந்த துண்டொன்றை மாட்டி நீட்டி
நாற்பது சுற்றுப் பெருக்கினேன்.
பத்தே அதிகம்.
நூறு கொட்டினால் யார்தான் வாயடைக்க மாட்டார்கள்.

மறுபடி பத்து, இம்முறை தெரிந்தே.
முப்பத்தொன்று. இருபத்தெட்டு. முப்பத்துமூன்று.
கெடுத்த வால் அசையவில்லை.
செல்லின் சொந்தச் சொல்லைப் பூட்டிவைத்தும் பார்த்தேன்:
வெளிச்சம் ஒரு துளி கூடியது.

புள்ளி இல்லை அது.
ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்தது
அளக்கும் கருவியின் முனகலுக்கு நடுவே வந்து நின்றது:
குற்றியலுகரம்.
ஒரு மாத்திரை ஒலிக்கும் உ அரையாகத் தேய்வது.
விளக்கு என்று சொல்லிப் பாருங்கள்,
முடிவில் உதடு குவிவதே இல்லை.

கட்டுரைத் தலைப்பில் அணைக்கிறது என்பதை அடித்துவிட்டுத்
தணிக்கிறது என்று போட்டேன்.
படத்தில் தூண் உயர்ந்துவிட்டது. அபர்னெத்தி
இன்னும் பதில் எழுதவில்லை.

திங்களன்று எய்லி ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக் காட்டினாள்.
மணிக்கட்டில், இன்னும் வீக்கம் வடியாமல், பச்சை குத்திய
க்.
புள்ளி நன்றாக உருண்டையாக வந்திருக்கிறது
என்று சொல்லிவைத்தேன்.