சானல்கரை, காலை ஐந்தே முக்கால்

வில்லுக்குறி சானல்கரையில் நடக்கிறவர்களுக்கு
பெயர் ஒன்றுதான்: சுகர்காரர்கள்.
முதல் நாளே கேட்டாள் தங்கலீலா,
'உனக்கும் சுகராக்கும், இல்லியா?'
ஆமாம் என்றேன்.
பதினெட்டு வருஷத்தில்
இவ்வளவு லேசாக ஒரு பொய் எனக்கு வாய்த்ததில்லை.

முந்திரி ஆலையில் எனக்கு உட்கார்ந்தே வேலை.
தோடு உடைத்து, தொலி உரித்து,
விரல் நுனியில் ரேகை கரைந்துபோயிற்று.
ரேஷன் கடை மெஷினுக்கு
நான் யாரென்று தெரிவதில்லை.
ஆசாரிப்பள்ளத்தில் ஒரு கதவுக்குள் மட்டும்
என்னை முழுதாகத் தெரியும்.

பழைய மாத்திரை
கன்னத்தில் இருந்ததை எடுத்து வயிற்றில் வைத்தது.
கையும் காலும் அகப்பைக் காம்பு,
நடுவில் ஒரு பலாக்காய்.
'விசேஷமா அக்கா?' என்று
பஸ்ஸில் எழுந்து இடம் தந்தது ஒரு பிள்ளை.
எனக்கு நாற்பத்தாறு வயது.
உட்கார்ந்துகொண்டேன்,
திங்கள்சந்தை வரைக்கும்.

மாத்திரையை மாற்றினார்கள். பலாக்காய் மாறவில்லை.
ரத்தத்தில் கொழுப்பு, எலும்பில் தேய்மானம்,
பகலெல்லாம் நனைந்த சாக்கைப்போல ஒரு களைப்பு.
டாக்டர் மெர்லின் சுஜி காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள்:
'கிருமியை மருந்து பாத்துக்கிடும்.
நெஞ்சையும் எலும்பையும் யாரு பாப்பா?'
வாரத்துக்கு அஞ்சு நாள் நடக்கணுமாம்.
மூச்சு வாங்கணும், ஆனால் பேச்சு வரணும்.
ரெண்டு நாள் பாரம் தூக்கணும்.
பாரமா, என்று சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
'நான் கையால தூக்கறதச் சொன்னேன்.'

மணவாளக்குறிச்சிக் கருமணலுக்கு
கனம் கூடுதல்.
கலர் குப்பி இரண்டில் அடைத்துக் கொண்டுவந்தேன்.
ராத்திரி ஒன்பது மணி மாத்திரைக்குப் பிறகு
ஜன்னலைச் சாத்திவிட்டு
பத்துத் தடவை மேலே, பத்துத் தடவை கீழே.
முதல் வாரம் சோறு பிசைய விரல் மடங்கவில்லை.
எங்களுக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை.
கரை வழுக்கும் நாட்களில்
வாசல்படியில் ஏறி ஏறி இறங்கினேன்.
எதிர்வீட்டு நாய்
இவளுக்கு உள்ளே போகணுமா வெளியே வரணுமா என்று
கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

ஆறு மாதம்.
அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை, சொல்லிவிடுகிறேன்.
அணுக்கள் நாற்பதுதான் கூடியிருந்தன.
அது நடையாலா என்றால்
'அப்படிச் சொல்ல முடியாதுக்கா' என்றாள் சுஜி.
கொழுப்பு ஒரு படி இறங்கியிருந்தது.
ஆஸ்பத்திரி மாடிக்குக்
கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன்;
ஏறிய பிறகுதான் அது தெரிந்தது.
வயிறு பாதி அப்படியேதான்.
ஆனால் ரவிக்கையின் கை இறுகிவிட்டது.
தையற்காரரிடம் போய்
கொஞ்சம் பிரித்துவிடும் என்றேன்.
இத்தனை வருஷமும் பிடித்துத் தைக்கத்தான்
அங்கே போயிருக்கிறேன்.

கரையில் எல்லாரும் கணக்கு ஒப்பிப்பார்கள்.
எனக்கு நூத்தி எண்பது, எனக்கு இருநூத்தி பத்து,
மரச்சீனி தின்ன மறுநாள் முந்நூறு.
நேற்று தங்கலீலா கேட்டாள்,
'உனக்கு எவ்வளவு? நீ மட்டும் சொல்லவே மாட்டியே.'
பையில் மடித்து வைத்திருந்த ரிசல்ட்
ஞாபகம் வந்தது.
'காணவே இல்லியாம்' என்றேன்.
நின்றுவிட்டாள்.
'மெஷினு காணாத அளவுக்கா? கொடுத்து வச்சவ நீ!
என்ன மருந்து திங்குத, எனக்கும் சொல்லு.'
தண்ணீரில் ஒரு ஆம்பல் இலை
போய்க்கொண்டிருந்தது.
அதையே பார்த்தேன்.
சொல்லும் நாள் ஒன்று வருமா, தெரியவில்லை.
நேற்று அது வரவில்லை.

அவரைப் புதைத்த வாரம்
நாத்தனார் அடுக்களையில் யாரிடமோ சொன்னாள்,
'இவளும் சீக்கிரம் போயிருவா.'
காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

இன்று பாலம் தாண்டும்போது
பின்னாலிருந்து தங்கலீலா மூச்சிரைக்கக் கத்துகிறாள்:
'எட்டீ, பைய போ!
எங்க ஓடுத இப்பிடி?'
நிற்கிறேன்.
அவள் வந்து சேரும்வரை சும்மா நிற்காமல்
குதிகாலை உயர்த்தி இறக்குகிறேன்,
ஒன்று, இரண்டு, மூன்று.