கடித்துப் பார்க்கும் தாள்

எங்கள் அடுக்ககத்தில் வீட்டுக்கொரு சௌனா உண்டு.
என்னுடையதில் வேர்ப்பதற்கு யாரும் போவதில்லை.
கல்லடுப்பின் இணைப்பைப் பிடுங்கி இரண்டு வருடமாயிற்று.
மேல் பலகையில் சின்தசைசர்,
கீழ்ப் பலகையில் நான்,
தண்ணீர் வாளிக்குள் சுருண்டு கிடக்கும் கேபிள்கள்.
ஹெட்ஃபோனில் வாசிப்பவளுக்கு அறை எதற்கு?
ஆனாலும் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

பகலில் பல் செய்கிறேன்.
கோட்கா துறைமுகத்தில் ரொட்டி கடிக்கும் வாய்கள் சிலவற்றில்
என் கைவேலை இருக்கிறது, யாருக்கும் தெரியாமல்.
ராத்திரியில் ஏழாவது டிராக்.

டிரம்ஸும் பாஸும் கோத்தன்பர்க்கிலிருந்து ஓர்வோ அனுப்பியவை.
நடுவில் பதினாறு ஆவர்த்தனம் காலி,
கடைவாய்ப்பல் பிடுங்கிய இடம் மாதிரி.
‘இங்கே நீ.’
கடிதம் அவ்வளவுதான்.

நாற்பத்தொரு டேக்.
முதல் பத்தில் விரல்கள் தெரிந்ததையெல்லாம் ஒப்பித்தன.
அடுத்த பத்தில் ஃபில்டரை மூடி மூடித் திறந்தேன்;
ஒலி வாயைக் குவித்தது, விரித்தது,
ஒரு சொல் வரவில்லை.
பிறகு பிட்ச் சக்கரம். அதன் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது.
வளைத்த சுரம் வீடு திரும்பும்போது
இழையளவு கீழேயே நின்றுவிடும்,
குடித்தவன் ஒரு தளம் முன்னதாகவே
லிஃப்டை விட்டு இறங்குவது போல.

இருந்ததில் நல்லதை அனுப்பினேன்.
ஓர்வோ எழுதினான்:
‘விரலெல்லாம் சரி. ஆனால் ரைலி,
இந்த ஆள் மூச்சே விடமாட்டானா?’

எந்த ஆள்?
வயர், சில்லு, குமிழ் உடைந்த ஒரு பெட்டி.
விரலை எடுக்காவிட்டால் விடியும்வரை ஒரே சுரத்தில் நிற்கும்.
ஊதுகிறவனுக்கு உடம்பே முற்றுப்புள்ளி வைத்துக் கொடுக்கிறது.
எனக்கு யார் வைப்பது?
மூன்று நாள் சௌனா பக்கம் போகவில்லை.
கோபம்தான், வேறென்ன.

வியாழக்கிழமை, வேலையில்,
பிளாஸ்டர் தாடைகள் இரண்டுக்கும் நடுவே
சிவப்புத் தாளை வைத்துக் கடிக்கவிட்டேன்.
மேடு எங்கேயோ அங்கே சிவப்பு ஒட்டும்.
அங்கே மட்டும் தேய்.
மறுபடி கடி. மறுபடி தேய்.
தேய்க்கும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன் என்பது
இருபத்திரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் தெரிந்தது.
பிடித்து, தேய்த்து, விட்டு,
கருவியைக் கீழே வைத்து
ஜன்னலைப் பார்த்து,
திரும்பவும் பிடித்து.

அன்றிரவு எனக்கு ஒரே சட்டம்:
ஒரு மூச்சுக்கு ஒரு வரி.
மூச்சு தீருமிடத்தில் விரல் எழவேண்டும்,
சுரம் எவ்வளவு கெஞ்சினாலும்.
சிகரெட்டை விட்டு ஏழு மாதம்தான்;
என் வரிகள் குட்டையானவை.
திரும்பக் கேட்டபோது எங்கெல்லாம் சிவப்பு ஒட்டியதோ
அங்கெல்லாம் அழித்தேன்.
அறுபத்துநாலு சுரம் இருந்தது. பத்தொன்பது மிச்சம்.

அந்த இடைவெளிகளில் ஒன்றில்,
ஐந்தாவது ஆவர்த்தனம் முடிகிற இடத்தில்,
ஓர்வோவின் பாஸ் சின்னதாய் ஒரு படி ஏறி இறங்குகிறது.
நான்கு மாதமாக அங்கேதான் இருந்திருக்கிறது.
நான்தான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

பதினோராவதில் மட்டும் ஒரு மேடு:
சக்கரம் திரும்பும்போது அந்தக் குடிகாரன்
தப்பான தளத்தில் இறங்குகிறான்.
சரிசெய்ய இரண்டு நிமிட வேலை.
மௌஸில் கையை வைத்தேன், எடுத்தேன்.
எல்லா மேட்டையும் மழித்த பல்லால்
கீரையைக்கூட மெல்ல முடியாது என்று
நோயாளிகளுக்குச் சொல்வது நான்தான்.
இறங்கட்டும். நடந்து வரட்டும்.

இரண்டு மணிக்கு அனுப்பினேன்.
அவனும் தூங்கவில்லை.
‘பாஸைக் கொஞ்சம் குறைக்கட்டுமா?’
‘தொடாதே.’

கல்லடுப்பின் மேல் வைத்த காப்பி
ஆறிப்போயிருந்தது, இயல்பாகவே.
எட்டாவது டிராக்கைத் திறந்தேன்.
பாவி, இதில் இரண்டு பள்ளம் விட்டிருக்கிறான்.